‘அப்பா பேசுவாரு’

உங்களுக்கு இப்போது பதவிப் பெயர் இருக்கிறது. கற்றல் வழிகாட்டி என்று கழுத்தில் அட்டை தொங்குகிறது. எனக்கு அப்படியொன்றும் இருக்கவில்லை. வரவுப் புத்தகத்தில் நான் தொண்டர் ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் ‘வீட்டுக்கு வாற ரீச்சர்’. வகுப்பில் பாடம் எடுப்பது என் வேலையில்லை. யார் வரவில்லை, ஏன் வரவில்லை, வந்தும் ஏன் படிக்கவில்லை என்று தேடிப் போக வேண்டும். பின்தங்கின பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, விட்ட இடத்திலிருந்து பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். அடக்கமாக இருக்க வேண்டுமென்பதற்காக இல்லையென்று சொல்லப் போவதில்லை.

என் கெட்டித்தனத்தைக் கேட்கத்தான் உங்களை இங்கே இருத்தியிருக்கிறார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் விட்ட பெரிய பிழையை ஆறுதலாகச் சொல்கிறேன். உங்களுக்கு உதவப் போவது இரண்டாவதுதான்.

யுத்தத்தால் உருத்திரபுரம் பக்கமிருந்து இடம்பெயர்ந்த எங்கள் பள்ளிக்கூடம் அப்போது அக்கராயனுக்கு அங்காலே, இன்னொரு பள்ளிக்கூடத்தின் வளவில் நடந்தது. காலையில் அவர்கள், மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள். பாதி வகுப்பு கிடுகுக் கொட்டிலில், பாதி பாலை மரத்துக்குக் கீழே. கொக்கிளாய்ப் பக்கமிருந்து வந்து, பல இடம் மாறி எங்களிடம் சேர்ந்த ஒரு மீன்பிடிகாரர் இருந்தார். கடல் இல்லாத ஊரில் குளத்தில் வலை போட்டுக்கொண்டு, மகனை வலையின் மற்றத் தலைப்பைப் பிடிக்க வைத்திருந்தார். நான் போய்க் கேட்டபோது, “இவன் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான் ரீச்சர்?” என்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி வலைத் தலைப்பைப் பிடித்தேன். “அவன்ர இடத்தில நான் நிக்கிறன். அவன் வெளிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும்” என்றேன். மனிசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகனை அனுப்பினார், அதற்குப் பிறகு மறிக்கவேயில்லை.

அப்படி மூன்று நான்கு தகப்பன்மாரை மடக்கியதும் எனக்குப் பெயர் வந்துவிட்டது. என்னைத் தூரத்தில் கண்டாலே சில ஆம்பிளைகள் வேலிக்குப் பின்னால் மறைகிறார்களாம் என்று எங்கள் கணித மாஸ்டர் பகிடி பண்ணுவார். எனக்கு அந்தப் பகிடி பிடித்திருந்தது. தலைக்கனம் என்று நினைப்பீர்கள். நினையுங்கள், சரிதான்.

இப்போது மல்லிகாவுக்கு வருகிறேன்.

மல்லிகா ஆண்டு பதினொன்றில் படித்தாள். இனக்கலவரக் காலத்தில் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் தோட்டஞ்செய்து குடியேறிய குடும்பம். பிள்ளை இங்கேதான் பிறந்தாள், ஆனாலும் வீட்டில் அவர்கள் கதைப்பது மலைநாட்டுத் தமிழ்தான். இடம்பெயர்ந்து வரும் வழியில் ஷெல் விழுந்து தாயும் தம்பியும் போய்விட்டார்கள். மிச்சம் தகப்பனும் அவளும். கணிதத்தில் அவளுக்குக் கிட்ட நிற்க வகுப்பில் ஆளில்லை. மாஸ்டர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் இவள் கொப்பியில் விடை இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளை வருட நடுவிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள்தான் வந்தாள்.

சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப மூன்று கிழமை இருந்தது. பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“வராத பிள்ளைக்கு நான் எப்பிடி ஒப்பம் வைக்கிறது? இந்த மூண்டு கிழமையும் ஒழுங்காக் கொண்டு வாரும். வந்தாளெண்டால் நான் வைக்கிறன்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் ஒப்பம் வைக்காவிட்டால் அவளுக்கு அந்த வருடம் பரீட்சை இல்லை. அடுத்த வருடம் நாங்கள் எந்தக் காட்டில் இருப்போமென்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தை விட்ட பெண்பிள்ளைக்கு அந்த நாளில் அடுத்தது கலியாணம்தான். அந்த மூளையை அடுப்படியில் விடுவதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாள் அவள் வந்திருந்தாள். பாலை மரத்துக்குப் பின்னால் கூட்டிப் போய் இருத்தினேன்.

“ஏன் பிள்ளை ஒழுங்கா வாறேல்லை?”

அவள் கொப்பியின் ஓரத்தை மடித்தாள். மற்றப் பிள்ளைகள் அவளுடைய தமிழைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதால் அவள் வாய் திறப்பதே குறைவு.

“அப்பா பேசுவாரு டீச்சர்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“தெனமும் இல்ல. ஆனா மத்தியானம் ஆரம்பிச்சாருன்னா பொழுது சாயிற வரைக்கும் பேசுவாரு. அந்த நேரத்துல எந்திரிச்சு வர எனக்கு மனசு வர மாட்டேங்குது.”

“அடிக்கிறவரோ?”

“ஐயையோ, இல்ல டீச்சர்.”

எங்கள் வாயில் பேசுவதென்றால் ஏசுவது. ‘அம்மா பேசுவா’ என்றால் அம்மாவிடம் வாங்கிக் கட்டப் போகிறோம் என்று அர்த்தம். சும்மா இருந்து ஒருவரோடொருவர் சொல்லிக்கொள்வதற்கு எங்களிடம் வேறு சொல் இருக்கிறது. அது கதைப்பது. ஆகவே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாயில்லாத பிள்ளை, வேலையில்லாத தகப்பன், மத்தியானம் தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் ஏச்சு. பிள்ளை மனம் உடைந்து வீட்டிலேயே கிடக்கிறாள். குறிப்புக் கொப்பியை எடுத்து எழுதினேன்: ‘தகப்பன் ஏசுகிறார்.’

அவள் சொன்னது பேசுவாரு. நான் எழுதியது ஏசுகிறார். என் பிழை அந்த வரியில் தொடங்கியது. பிள்ளை சொன்ன சொல்லை அதே சொல்லாக எழுதுங்கள் என்று நான் உங்களுடைய கொப்பிகளில் சிவப்பால் கீறிக்கீறி வருவதற்குக் காரணம் அந்த வரிதான். இன்னொன்றும் இருக்கிறது. ‘அப்பா பேசுவாரு’ என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவர்களுடைய கொட்டிலுக்குப் போனேன். மல்லிகா குடத்தோடு தண்ணீர் அள்ளப் போயிருந்தாள். தகப்பன் வாசலில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி சீவிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். என்னைக் கண்டதும் எழும்பி, கதிரை இல்லாததால் ஒரு பலகைப் பெட்டியைத் துண்டால் துடைத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. மடக்க வந்த ஆள் இருக்கக்கூடாது என்பது என் முறை.

“அண்ணை, தாயில்லாப் பிள்ளை. நல்லாப் படிக்கிற பிள்ளை. நீங்கள் இப்பிடிப் பேசிக்கொண்டிருந்தால் அவள் எப்பிடிப் பள்ளிக்கூடம் வாறது?”

அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நானும் நெனச்சேங்க,” என்றார் மெதுவாக. “என்னாலதான் புள்ள நின்னுருதுன்னு.”

பாருங்கள், தானே ஒத்துக்கொள்கிறார் என்று எனக்குப் பெரிய திருப்தி. அக்கம்பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

“அப்ப இண்டையில இருந்து இந்த வீட்டில ஒரு பேச்சும் இருக்கப்படாது. சோதினை முடியுமட்டும் நீங்கள் வாய் திறக்கப்படாது. சரியோ?”

“சரிங்க டீச்சர். இனிமே பேச மாட்டேங்க.”

அடுத்த நாளிலிருந்து மல்லிகா ஒரு நாளும் பிந்தாமல் வந்தாள். முதலாம் கிழமை ஐந்து நாளும். இரண்டாம் கிழமை ஐந்து நாளும். ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் என் பெயரைச் சொல்லி, “வலு கெட்டிக்காரி” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்டிருக்குமா என்று பார்த்தேன்.

மூன்றாம் கிழமை கணித மாஸ்டர் ஒரு தாளோடு வந்தார். மாதிரி வினாத்தாளுக்கு மல்லிகா கொடுத்த விடைத்தாள். மேலே பெயர், கீழே முழுக்க வெள்ளை.

“ரீச்சர், உங்கட பிள்ளை வாறாள்தான். வந்து என்ன? மதிலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். காய்ச்சலோ எண்டு கேட்டன், இல்லையாம்.”

அவளைக் கூப்பிட்டேன்.

“வீட்டில இப்ப எப்பிடிப் பிள்ளை?”

“அப்பா இப்ப பேசுறதே இல்ல டீச்சர்.”

“பாத்தியே? நல்லதுதானே,” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு பெரிய மனுசி ஒரு பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கொப்பியைத் திறந்து ‘பரீட்சைப் பயம்’ என்று எழுதினேன்.

வரவு கூடினால் சந்தோசப்படுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். உடம்பு மட்டும் வந்திருக்கிறதா, ஆளும் வந்திருக்கிறாளா என்று கொப்பி சொல்லும். நான் இரண்டு கிழமை வரவு இடாப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பங்களை எல்லோரும் ஒப்பமிட்டுக் கொடுத்த நாளன்று மல்லிகா தன்னுடையதை வெறுமையாக என் மேசையில் வைத்தாள்.

“எனக்கு வேணாம் டீச்சர்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் பின்னேரம் அதிபர் விண்ணப்பக் கட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறார். எனக்கு இருந்தது ஒரு காலை நேரம்.

விடிந்ததும் விண்ணப்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். தகப்பன் மறுபடி தொடங்கிவிட்டார், இந்த முறை விடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் சைக்கிளை மிதித்தேன். அவர்களுடைய கொட்டிலுக்குப் பக்கத்துக் கொட்டிலில் பார்வதி என்றொரு அக்கா இருந்தா. அவவும் மலைநாட்டு ஆள்தான், நேராகக் கேட்கிற சுபாவம். ஒடுங்கின ஒழுங்கையில் சைக்கிளை மறித்தா.

“டீச்சர், ஒங்கள ஒண்ணு கேக்கணும். ஏன் அந்த மனுசன் வாயக் கட்டிப் போட்டுட்டுப் போனீங்க?”

“நான் வாயைக் கட்டேல்லை அக்கா. பிள்ளையைப் பேசாதேங்கோ எண்டுதான் சொன்னனான்.”

“அதத்தான் கேக்குறேன். பெத்த புள்ளகிட்டப் பேசாதன்னு சொல்ற பள்ளிக்கூடம் எந்த ஊர்ல இருக்கு?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனா. பெண்சாதியையும் மகனையும் புதைத்த நாளிலிருந்து அந்த மனிதர் யாரோடும் ஒரு வார்த்தை பறையவில்லையாம். சோறு போட்டால் சாப்பிடுவார், வேலை சொன்னால் செய்வார், வாய் மட்டும் திறக்காது. வருட நடுவில் ஒரு மத்தியானம், மல்லிகா சோறு போடும்போது, தானாகவே மனைவியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாராம். அதிலிருந்து இடைக்கிடை, அதுவும் மகளிடம் மட்டும்; மற்றவர்களுக்குக் கேட்டதற்கு ஒரு சொல்லோடு சரியாம்.

“அவ பள்ளிக்கூடத்த விட்டுட்டு ஒக்காந்து கேட்டுக்கிட்டிருந்தா. நாங்களும், போகட்டும், மனுசன் மனுசனாகிட்டு வர்றானேன்னு விட்டுட்டோம். நீங்க வந்து சொல்லிட்டுப் போன நாள்லேருந்து மறுபடியும் கல்லாட்டம் இருக்காரு. புள்ள வந்து ‘அப்பா’ன்னு நிக்குது, இவரு கையால ‘போ, படி’ன்னு காட்டுறாரு.”

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தில் என் காது சுட்டது. மலைநாட்டுச் சனம் பேசுவதென்று சொன்னால் கதைப்பது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? எத்தனை வருடம் அயலில் இருந்தவர்கள். எங்களுக்கே ‘பேசாமல் இரு’ என்றால் வாயை மூடிக்கொண்டு இரு என்றுதானே அர்த்தம், பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கியவள்தானே நான். ஆனால் தகப்பனை மடக்கப் புறப்பட்டவளுக்கு எந்தச் சொல்லும் மடக்குகிற சொல்லாகத்தான் காதில் விழும். அந்த மனிதரும் பாவம், நான் சொன்னதை அப்படியே நம்பினார். அவருடைய தமிழில் அது நியாயமாகவும் இருந்தது. அவர் பேசுவதால்தான் மகள் வராமல் நின்றாள், அது உண்மைதானே.

நேரம் ஒன்பதாகிவிட்டது. அந்த இடத்தில் எனக்கு ஒரு குறுக்கு வழி தெரிந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு அதட்டினால் ஒப்பமிடுவாள், பயந்த பிள்ளை. விண்ணப்பம் போய்விடும், மற்றதைப் பிறகு பார்க்கலாம். கை பையைத் தடவியது, அதை உங்களிடம் ஒளிக்கவில்லை. ஆனால் இரண்டு கிழமை உடம்பை மட்டும் கொண்டுவந்து காட்டியவள், இனி ஒப்பத்தை மட்டும் கொண்டுபோய்க் காட்டவா என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. பிழையை முதலில் சொல்வதென்று முடிவெடுத்தேன். விண்ணப்பத்தைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை.

அவர் வாசலில் இருந்தார். மல்லிகா அடுப்புக்குப் பக்கத்தில். இந்த முறை அவர் பெட்டியைத் துடைக்க எழும்புமுன் நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

“அண்ணை, நான் பெரிய பிழை விட்டிட்டன். எங்கட ஆக்கள் பேசுறது எண்டால் ஏசுறதைச் சொல்லுவம். நீங்கள் பிள்ளையை ஏசுறீங்கள் எண்டு நினைச்சுத்தான் அப்பிடிச் சொன்னனான். நீங்கள் அவளோட கதைக்கிறதை நிப்பாட்டச் சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மல்லிகாவைப் பார்த்தேன்.

“பிள்ளை, விண்ணப்பம் இண்டைக்குப் போகுது.”

“எனக்கு வேணாம் டீச்சர். நான் படிக்கப் போறதாலதான அப்பா வாய மூடிக்கிட்டாரு. படிக்கவே இல்லன்னா பேசுவாருல்ல?”

இந்த வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அடுத்த பத்து நிமிடம்தான். என்னிடம் நல்ல நல்ல வசனங்கள் இருந்தன. எதிர்காலம், தாயின் கனவு, கணிதம், எல்லாம் நாக்கு நுனியில். ஒன்றையும் சொல்லாமல் இருந்தேன். அந்த வீட்டில் யார் கதைக்க வேண்டுமோ அவருக்கு இடம் வேண்டும், அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது நான். பானையில் சோறு கொதித்தது. பார்வதியக்கா வேலிக்கு அங்காலே நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அவகூட வாயைத் திறக்கவில்லை.

அவர் கையை நீட்டினார். விண்ணப்பத்தைத்தான் கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எடுத்துக் கொடுத்தேன். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. தலையை ஆட்டினாள்.

“ஏன் கழுத,” என்றார்.

தொண்டை கரகரத்து, பாதிதான் வெளியே வந்தது. மல்லிகா அப்படியே நின்றாள்.

“சொன்னாக் கேக்க மாட்டியா? ஒங்கம்மா நிவாரண அட்டைக்குக்கூட கைநாட்டு வச்சவ. வெரல்ல மையத் தேச்சுக்கிட்டு வந்து, எம் மக கையெழுத்துப் போடுவா, எம் மக கையெழுத்துப் போடுவான்னு அங்க ஊர்ல வீடு வீடாச் சொல்லித் திரிஞ்சா. நீ வேணாங்குற. வேணாமா? அவ இருந்தா இந்நேரம் தொடப்பக்கட்டைய எடுத்திருப்பா.”

நல்ல ஏச்சு. எங்கள் ஊர்த் தகப்பன் ஒருவரும் அதைவிடத் திறமாக ஏசியிருக்க முடியாது. மல்லிகா அழுதுகொண்டே சிரித்தாள். என் பேனையை வாங்கி, பலகைப் பெட்டியின் மேல் தாளை வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். எனக்கும் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், நீங்க படிச்சவங்க. அன்னைக்கு ஒரு வார்த்த, ‘என்னய்யா பேசுறே’ன்னு கேட்டிருக்கலாம்.”

“ஓம் அண்ணை. கேட்டிருக்க வேணும்.”

“பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?”

“ரெண்டு கட்டை இருக்கும்.”

அவர் மகளைப் பார்த்தார்.

“அப்ப நடந்துக்கிட்டே பேசலாம்,” என்றார்.

அந்தக் கேள்வியை இருபது வருடத்துக்கு மேல் நான் எல்லா வீட்டிலும் கேட்டேன். அடிக்கிறார் என்றால் எதனால், ஏலாது என்றால் எது ஏலாது, பேசுவார் என்றால் என்ன பேசுவார். அதற்கு ஒரு நிமிடம்கூடச் செலவாகாது. உங்களுக்குக் கொடுக்கிற பயிற்சிக் கையேட்டில் இது இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

விண்ணப்பம் அன்றைக்கே போனது. மறுநாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும்போது, ஒழுங்கையில் எனக்கு முன்னால் தகப்பனும் மகளும் நடந்து போனார்கள். அவர் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டு போனார். அவள் கொப்பிகளை நெஞ்சோடு பிடித்தபடி அவர் பக்கம் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டு போனாள். விலத்திப் போக இடம் இருந்தது. ஆனால் மணி அடித்தால் அவர் ஒதுங்குவார், ஒதுங்கினால் கதை அறுந்துவிடும். நான் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு இரண்டு கட்டையும் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

பிள்ளைகள் வருமுன் நான் அங்கே நிற்க வேண்டும் என்பது ஒழுங்கு. வாசலில் அதிபர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் என்னை நன்றாகப் பேசினார். பேசட்டும் என்று நின்றேன்.